பூகம்பத்தின் காரணம் கண்ட ரீட்

1906-ம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி அதிகாலையில் நிகழ்ந்த பூகம்பமும், தொடர்ந்து மூண்ட தீயும் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரைப் பாழாக்கின. சுமார் 3,000 பேர் மாண்டனர். அந்த அழிவிலிருந்து ஓர் உண்மையைத் தேடி எடுத்தவர் ஹாரி பீல்டிங் ரீட்.

1859-ல் பால்டிமோரில் பிறந்த அவர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் விளங்கினார். அலாஸ்காவின் பனியாறுகளை ஆராய்ந்த அவர், காலிபோர்னியா பூகம்ப விசாரணைக் கமிஷனில் அங்கத்தினரானார்.

அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே சர்வேக்காரர்கள் எடுத்திருந்த அளவுகளைப் பூகம்பத்துக்குப் பிந்திய அளவுகளுடன் ரீட் ஒப்பிட்டார். ஸான் ஆன்ட்ரியாஸ் பிளவின் இருபுறத்து நிலமும் எதிரெதிர்த் திசையில் மெல்ல நகர, உராய்வு பிளவைப் பூட்டி வைத்திருந்தது. பாறை வில்லெனச் சிறுகச் சிறுக வளைந்தது. உராய்வு தோற்ற கணத்தில் பாறை வழுக்கி நிமிர்ந்தது. சிற்சில இடங்களில் நிலம் சுமார் 20 அடி விலகிற்று. அவ்வதிர்ச்சியே பூகம்பம். பிளவு அதன் விளைவன்று, காரணமே என்பதை 1910-ல் வெளிவந்த அவரது அறிக்கை விளக்கிற்று.

ரீட் 1944-ல் காலமானார். பாறையின் வளைவோ இன்றும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அது நிமிரும் நாளைக் குறிப்பது இன்றும் ஆகாத காரியம். ஆனால் பிளவு இருக்குமிடம் தெரிந்த பின்னும் உறுதியற்ற வீடுகளை எழுப்பி, மடிந்தோரின் விதியை நோவது நியாயமன்று என்பதே நமது அபிப்பிராயம்.