வெள்ளிக்கிழமை வீணை



நம் குடியிருப்பு நண்பர் ஒருவர் போன மாதம் கைபேசியில் ஒரு பழைய வீணைப் பதிவைப் பாதி கேட்டுவிட்டு, கரகரவென்று இருக்கிறதே, இதைப் போய் எப்படிக் கேட்கிறீர்கள் என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். வாசித்தவர் யார் தெரியுமா? வீணை தனம்மாள். ராயபுரத்துக்குத் தெற்கே, ஜார்ஜ் டவுனில் வாழ்ந்தவர்.

1867-இல் பிறந்தார். பரம்பரையாகவே இசைக் குடும்பம். தாய் சுந்தரம்மாளும் பாடகி. கண்பார்வை இல்லாத வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாஸிடம் க்ஷேத்ரய்யர் பதங்களைக் கற்றார். தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகளும் அவரிடம் வந்து சேர்ந்தன.

ராமகிருஷ்ண செட்டித் தெருவில் இருந்த அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வாசிப்பு நடக்கும். பெரிய வித்வான்களும் அங்கே ரசிகர்களாக வந்து உட்காருவார்கள். சின்னச் சத்தம் கேட்டாலும் அம்மாளுக்குப் பிடிக்காதாம். காரணம் இருக்கிறது. விரலில் கம்பிச் சுருள் மாட்டிக்கொள்ளாமல் வெறும் நகத்தால் மீட்டுவார், மிருதங்கமும் வைத்துக்கொள்வதில்லை. அந்த மெல்லிய நாதம் ஒரு கூடத்துக்குத்தான் போதும்.

கையில் பணம் தங்கியதில்லை. வாழ்நாள் முழுக்கப் பேரேடு எழுதியவன் நான். அவர் வரவு செலவைப் பார்த்திருந்தால் தலையில் கை வைத்திருப்பேன்!

1932-இல் கொலம்பியா நிறுவனம் அவர் இசையைப் பதிவு செய்தது. அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். சாவகாசமாக விரிய வேண்டிய ராகத்தை அதற்குள் அடக்க வேண்டும். நமக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சில தட்டுகள்தான்.

அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி வேண்டாம், அதில் தடித்த தந்திகளின் ஒலி காணாமலே போய்விடும். கன்டெய்னர் லாரி இரைச்சல் அடங்கிய பிறகு, இயர்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். கரகரப்பு ஒரே சீராக இருப்பதால் சிறிது நேரத்தில் காது அதை ஒதுக்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு மீட்டுக்கும் பிறகு என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரே மீட்டில் தந்தியை இழுத்து அடுத்த ஸ்வரங்களைப் பேச வைப்பது கேட்கும்.

ஒரே தட்டின் இரண்டு பிரதிகள் கிடைத்தால், கரகரப்பு உள்ளதையே நான் எடுப்பேன். இரைச்சலை அளவுக்கு மீறித் துடைக்கும்போது நாதத்தின் வால் பகுதியும் சேர்ந்து போய்விடுகிறது. தட்டு வேகமாகச் சுழன்றிருந்தால் சுருதி ஏறி, வாசிப்பு அவசரமாகத் தெரியும். அந்தப் பழியையும் வாசித்தவர் மேல் போடக்கூடாது.

கடைசிக் காலத்தில் அவருக்குப் பார்வை மங்கியது. 1938 அக்டோபரில் காலமானார். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் பாட்டில் அவர் வழியைக் காத்தார்கள். இன்னொரு பேத்திதான் நாட்டியமேதை பாலசரஸ்வதி.

நண்பருக்கு என் இயர்போனைக் கொடுத்தேன். மூன்று வாரமாகிறது, இன்னும் திரும்பி வரவில்லை.