51 மணி நேரம் கடலில்: ஆழிக்குமரன் ஆனந்தனின் வாழ்க்கை

செம்பவாங் கடற்கரையில் நின்றால் எதிரே ஜோகூர் தெரியும். தலைமன்னாரில் நின்றால் தனுஷ்கோடி தெரியாது. இடையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் கடல் இருக்கிறது.

1971ஆம் ஆண்டில் ஓர் இளைஞர் இலங்கைக் கரையிலிருந்து அந்தக் கடலில் இறங்கினார். இந்தியக் கரைவரை நீந்திச் சென்று, திரும்பவும் நீந்தியே இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அதற்கு 51 மணி நேரம் ஆனது.

அவர்தான் வி. எஸ். குமார் ஆனந்தன். விவேகானந்தன் செல்வகுமார் ஆனந்தன் என்பது முழுப்பெயர். தமிழர்கள் அவரை ‘ஆழிக்குமரன்’ என்று அழைத்தார்கள். ஆழி என்றால் கடல். கடலின் மகன் என்ற அந்தப் பெயரே பின்னாளில் நிலைத்துவிட்டது.

கடலோடிகளின் ஊர்

ஆனந்தன் 1943 மே 25ஆம் தேதி யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறையில் பிறந்தார். கப்பல் கட்டுவதிலும் கடலோடுவதிலும் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே கட்டிய ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல், உள்ளூர் மாலுமிகளுடன் பெருங்கடல்களைக் கடந்து 1938ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது.

பாக்கு நீரிணையை நீந்திக் கடக்கலாம் என்பதையும் அந்தப் பகுதி ஏற்கெனவே கண்டிருந்தது. அருகிலுள்ள தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954ல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம் நீந்தினார். அப்போது ஆனந்தனுக்கு வயது 10.

1966ல் இந்தியாவின் மிகிர் சென் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலான கடலைக் கடந்தார். அவருக்கு 25 மணி நேரத்துக்குமேல் பிடித்தது. இருவரும் ஒரு கரையில் தொடங்கி மறுகரையில் முடித்தவர்கள். போன வழியே திரும்பி நீந்துவது என்று முடிவெடுத்தவர் ஆனந்தன்.

போகவும் வரவும்

தலைமன்னார் - தனுஷ்கோடி பாதை பல குடும்பங்களின் கதையில் வரும் பாதை. ரயிலும் கப்பலும் இணைந்த அந்த வழியில்தான் தமிழகத்திலிருந்து எண்ணற்ற தொழிலாளர்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஆனந்தன் நீந்திச் சென்ற காலத்தில் அது இடிந்த சுவர்கள் மிஞ்சிய ஊர்.

அந்தக் கடல் ஆழம் குறைந்தது. ஆனாலும் சாதுவான கடல் அல்ல. மணல் திட்டுகளுக்கு இடையே நீரோட்டம் திசை மாறும். சொறிமீன்களும் கடல் பாம்புகளும் உண்டு. இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே கடல் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே நீச்சல்காரர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பார்கள்.

நெடுந்தூரக் கடல் நீச்சலில் துணைப்படகு கூடவே வரும். உணவும் நீரும் படகிலிருந்து கிடைக்கும். படகைப் பிடித்து ஓய்வெடுக்க மட்டும் அனுமதியில்லை. 51 மணி நேரம் என்றால் இரண்டு பகலும் இரண்டு இரவும் கடந்து மேலும் மூன்று மணி நேரம். அத்தனை நேரமும் கையும் காலும் ஓயக்கூடாது, கண்ணும் அயரக்கூடாது.

அலுக்காத உடல்

அந்த நீச்சல் ஆனந்தனின் தனித்திறன் எது என்பதைக் காட்டியது. வேகத்தில் அவரை மிஞ்சக்கூடியவர்கள் உலகில் பலர் இருந்தார்கள். ஒரே செயலை நிறுத்தாமல் மணிக்கணக்கில், நாள்கணக்கில் தொடர்வதில் அவருக்கு இணையானவர்கள் குறைவு.

படிப்பால் அவர் சட்டத்தரணி. புகழ் தேடித் தந்ததோ உடலின் பொறுமை. 1979 மே மாதம் கொழும்பு விகாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடங்கள் நிற்காமல் சைக்கிள் ஓட்டினார். 2ஆம் தேதி தொடங்கிய ஓட்டம் 10ஆம் தேதிதான் முடிந்தது. மறு ஆண்டு 33 மணி நேரம் ஒற்றைக்காலில் நின்றார்.

128 மணி நேரம் ‘டுவிஸ்ட்’ நடனம் ஆடினார். 136 மணி நேரம் குத்துச்சண்டைப் பயிற்சிப் பந்தைக் குத்தினார். காலை உயரே தூக்கி உதைக்கும் சாதனையில் 9,100 உதைகளை எட்டினார். வரிசையாக ஏழு சாதனைகள் அவர் பெயரில் கின்னஸ் புத்தகத்தில் ஏறின.

தமிழகமும் அவர் திறனை நேரில் கண்டது. 1981ல் சென்னை மெரினாவில் உள்ள அண்ணா நீச்சல் குளத்தில், நிமிர்ந்த நிலையில் கைகால்களை அசைத்து 80 மணி நேரம் மிதந்தார்.

இந்தச் சாதனைகளில் சில இன்று வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பயிற்சிக்குப் பெரிய வசதிகள் இல்லாத ஒரு நாட்டில், உடல் ஒன்றையே கருவியாகக் கொண்டு ஒருவர் உலகப் புத்தகத்தில் இடம்பிடிக்கக் கிடைத்த வழி அது.

குளிர்ந்த நீர்

நெடுந்தூர நீச்சல்காரர் எவருக்கும் ஆங்கிலக் கால்வாய் ஒரு கனவு. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே அது மிகக் குறுகும் இடத்திலும் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். மேத்யூ வெப் என்ற கப்பல் தலைவர் 1875ல் அதை முதன்முதலில் நீந்திக் கடந்தார்.

தூரத்தை மட்டும் பார்த்தால், பாக்கு நீரிணையில் ஆனந்தன் போகவர நீந்தியதில் ஏறக்குறைய பாதிதான். வேறுபாடு தண்ணீரில் இருக்கிறது. பாக்கு நீரிணையின் நீர் வெதுவெதுப்பானது. ஆங்கிலக் கால்வாயில் கோடையிலும் நீரின் வெப்பநிலை 15 முதல் 18 டிகிரி செல்சியஸ்தான் இருக்கும். குளிரைத் தடுக்கும் முழு உடையை அணியவும் விதிகள் இடம் தருவதில்லை.

அத்தகைய நீரில் உடல் ஒவ்வொரு நிமிடமும் சூட்டை இழக்கிறது. முதலில் கைகால் மரத்துப்போகும். பிறகு அறிவு மங்கும், இதயம் தடுமாறும். தூக்கத்தையும் பசியையும் களைப்பையும் மன உறுதியால் தள்ளிப்போடலாம். உடற்சூடு இறங்குவதை மன உறுதியால் நிறுத்த முடியாது.

1984 ஆகஸ்ட் 6ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. அக்கால்வாயில் உயிர்விட்ட நீச்சல்காரர்களின் சிறிய பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது.

நிலைத்த பெயர்

பின்னாளில் வல்வெட்டித்துறையில் அவர் நினைவாக நீச்சல் தடாகம் அமைக்கப்பட்டது. கூகுள் நிறுவனத்தின் இந்தியப் பிரிவுக்குத் தலைமை வகித்த ராஜன் ஆனந்தன் அவருடைய மகன்.

சிங்கப்பூரரான தும் பிங் ஜின் 2005ல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். தலைமன்னார் - தனுஷ்கோடி கடலிலும் இன்று பதின்ம வயதினர் உட்படப் பலர் நீந்துகிறார்கள். புதிய நேரங்கள் பதிவாகின்றன, பழைய சாதனைகள் முறியடிக்கப்படுகின்றன. கின்னஸ் புத்தகத்தில் ஆனந்தனின் இடங்களையும் வேறு பலர் எடுத்துக்கொண்டார்கள்.

‘ஆழிக்குமரன்’ என்ற பெயரை மட்டும் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. 40 ஆண்டுகள் கடந்தும் அது ஒருவரையே குறிக்கிறது.