டாக்டர் வரதராஜுலு நாயுடு

உடற்பிணி தீர்ப்பவன் வைத்தியன். அத்துடன் அமையாது, சமூகத்தைப் பற்றிய பிணிக்கும் பரிகாரம் தேடப் புகுந்த வைத்தியர் வெகு சிலரே. அவருள் ஒருவர் நம் பக்கத்தில் தோன்றிய டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. அவர்தம் சரித்திரத்தை நம் இளைஞர் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

நெய்க்குப் பேர்போன இராசிபுரத்தில் 1887ஆம் ஆண்டு அவர் ஜனித்தார். அக்காலத்துச் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அவ்வூர், 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தின்பாற்பட்டது. மூலிகை மலிந்த கொல்லிமலை அதற்கு அணித்தே உள்ளது. இளமையிலேயே சுதேசி இயக்கம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. நம் நாட்டு வைத்திய முறைகளில் பயின்று தொழில் நடத்தி, டாக்டர் என்றே ஜனங்களால் அழைக்கப்பெற்றார்.

தொழிலே போதுமென்று அவர் இருந்தாரில்லை. 1918இல் மதுரை ஹார்வி ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்த காலை, அவர்களுக்கு ஆதரவாகப் பிரசங்கம் செய்து கைதானார். அவ்வழக்கில் அவருக்காக வாதாடியவர் சேலத்து வக்கீல் ஸ்ரீ இராஜகோபாலாச்சாரியார். 'பிரபஞ்சமித்திரன்' என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராயிருந்த நாயுடு, பின்னர்ச் சேலத்தினின்று 'தமிழ்நாடு' என்னும் வாரப் பத்திரிகையை நடத்தினார். அது பிற்காலத்தில் சென்னையில் நாளிதழாயிற்று. திரு. வி. கலியாணசுந்தர முதலியார், ஈ. வெ. இராமசாமி நாயக்கர், நாயுடு ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் காங்கிரஸின் தூண்களாய் விளங்கினர்.

அவர் வாழ்வின் பெருஞ்சோதனை சேரன்மாதேவிக் குருகுலத்தால் வந்தது. திருநெல்வேலிச் சீமையில் தேசபக்தர் வ. வே. சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்திற்குக் காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் உதவியிருந்தது. அங்கே பிராமணச் சிறுவர் இருவர்க்கு மட்டும் தனியே உணவளிக்கப்படுவது தெரியவந்தது. பெற்றோர் விருப்பத்தை மீறலாகாதென்பது ஐயரின் நிலை. பொதுப்பணத்தில் நடக்கும் தேசிய வித்தியாசாலையில் பிறப்பால் பந்தி பிரித்தல் தகாதென்பது நாயுடுவின் நிலை. அவர் தம் பத்திரிகை வாயிலாகக் கிளர்ச்சி செய்தார். 1925இல் காந்தியடிகளும் சமரசம் செய்ய முயன்றார்.

அவ்வாண்டு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவர் நாயுடுவே. தேசிய இயக்கத்தைச் சார்ந்த ஸ்தாபனங்களில் பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாதெனக் கமிட்டி தீர்மானித்தது. அதனை ஒவ்வாத சிலர் இராஜிநாமாச் செய்தனர். முன்னர் அவருக்காக வாதாடிய இராஜகோபாலாச்சாரியாரும் அவருள் ஒருவர். நட்பு முறியுமெனத் தெரிந்தும் நாயுடு பின்வாங்கவில்லை. ஐயரோ அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசத்து அருவியில் உயிர்நீத்தார். இருதிறத்தாரும் தேசத்திற்காகத் துன்புற்றவர்களே என்பதை நாம் மறத்தலாகாது.

1932இல் நாயுடு 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' ஆங்கிலப் பத்திரிகையைச் சென்னையில் தோற்றுவித்தார். விரைவில் அது சதானந்தரின் கைக்கு மாறி, தேசமெங்கும் பரவிற்று. பின்னர் இந்து மகா சபையிலும் சேர்ந்திருந்து, மீண்டும் காங்கிரஸுக்குத் திரும்பினார். 1957ஆம் வருஷம் காலமானார்.

வைத்தியன் பத்தியம் விதிப்பது நோயை நோக்கியேயன்றிக் குலத்தை நோக்கியன்று. நாடி பார்க்கும் விரலுக்கும் குலபேதம் இல்லை. அத்தொழில் பயின்றவர் சிறுவர்தம் பந்தியில் பேதம் கண்டு பொறாதது வியப்பன்று.

அன்பர்களே! ஒரு குலத்தார் கூடி நடத்தும் சங்கம் நம்முடையது. நம்மவர் கல்வியிலும் செல்வத்திலும் ஓங்க வேண்டுமென்பதே அதன் நோக்கம், பிறரைத் தாழ்த்துவதன்று. இத்தகைய பெரியார் நம் சீமையினர் என்று பெருமை பேசுவோமாயின், நம் இல்லத்துக் கலியாணப் பந்தியில் இலை போடுங்கால் அவரை நினைத்தல் வேண்டும். வேலையாளும் விருந்தினரும் ஒரே வரிசையில் அமர்ந்துண்ணும் நாளே அவருக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும்.