இதயங் காத்த பெருந்தகை

அர்ஜென்டினா நாட்டின் லா பிளாட்டா நகரில், 1923ஆம் ஆண்டில், தச்சர் ஒருவர்க்கு மகனாகப் பிறந்தவர் ரெனே பவலோரோ. மருத்துவம் பயின்றபின், பன்னிரண்டு ஆண்டுகள் ஹசிந்தோ அராவுஸ் என்னும் சிற்றூரில் தங்கி எளியோர் பிணி தீர்த்தார். 1962இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரை அடைந்து, இதய அறுவை மருத்துவத்தில் தேர்ந்தார்.

இதயத்திற்குக் குருதி ஊட்டும் தமனி அடைபடின் உயிர்க்கு இடர் நேரும். நோயாளியின் காலிலிருந்து சிரையொன்றை எடுத்து, அடைப்பைக் கடந்து குருதி பாயப் புதுவழி அமைக்கும் முறையை அவர் 1967இல் கையாண்டு உலகறியச் செய்தார். சிரையிலுள்ள தடுக்கிதழ்கள் குருதியை ஒரு திசையிலேயே செல்லவிடும். ஆதலின் அதனைத் தலைமாற்றிப் பொருத்தினார். 1971இல், அயல்நாட்டுப் பெருவாழ்வை விடுத்துத் தாய்நாடு திரும்பி, இளம் மருத்துவர் பலர்க்கு அக்கலையைக் கற்பித்தார். 2000ஆம் ஆண்டில் மறைந்தார்.

அம்முறையிலும் குறையொன்று இருந்தது. சிரையை எடுக்கக் காலை நெடுகக் கீறியதால், புண் ஆறாது வருந்தினோர் உளர். பிற்கால மருத்துவர் சிறு கீறல் வழியே நுண்கருவி செலுத்திச் சிரையை எடுக்கலாயினர். 1,150 நோயாளரை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட முடிவால், இதய நலத்தில் இருமுறைக்கும் பெரிதும் வேற்றுமை இல்லை என்பதும், சிறு கீறலால் கால்புண் சீழ்க்கொள்ளுதல் குறைவு என்பதும் புலனாயின. பவலோரோ காட்டிய வழியே நடந்து, நோயுற்றோர் துன்பத்தை மேலும் குறைத்தலே அவர்க்குச் செய்யும் கைம்மாறாகும்.