366 கவிதைகள், ஒரு லாரா... எட்டு வரிக்குள் காதலைப் பூட்டிய பெட்ரார்க்!

உங்க ஃபோனில் கீபோர்டு ஆப் ஏதாவது இருக்கா? இருந்தால் ஒரு 'ச'வைத் தொடுங்க. அப்படியே ரி, க, ம, ப, த, நி என்று ஏறிப் போய் எட்டாவதைத் தொட்டால் என்ன கேட்கும்? மறுபடியும் 'ச'தான். ஆனா, கீழே கேட்ட அதே 'ச' இல்லை. அதே ஆள் மாடி ஏறி நின்று கூப்பிடுவது மாதிரி இருக்கும். கீழ் சுரம் நொடிக்கு 440 முறை அதிர்ந்தால், மேல் சுரம் 880 முறை அதிரும். கிட்டார் கையில் இருப்பவர்கள் 12-வது ஃப்ரெட்டில் விரல் வைத்துப் பாருங்க. கம்பி பாதியாகும், சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். இந்த இடைவெளிக்குத்தான் மேற்கத்திய இசையில் ஆக்டேவ் என்று பெயர். எட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கவிதையிலும் ஓர் ஆக்டேவ் இருக்கு. 14 வரி சானெட்டின் முதல் எட்டு வரிகள்தான் அது. அந்த எட்டு வரிக்குள் வாழ்நாள் முழுக்கக் குடியிருந்தவர் பிரான்செஸ்கோ பெட்ரார்க்கா. உலகத்துக்கு பெட்ரார்க்.

1304 ஜூலை 20, இத்தாலியின் அரெட்சோ நகரத்தில் பிறந்தார். ஃப்ளாரன்ஸிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஒரு நோட்டரியின் மகன். இந்த அரெட்சோவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுமார் 300 வருஷம் முன்னால், குய்தோ என்ற துறவி இதே ஊரில் பாடகர் சிறுவர்களுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். இன்று நாம் டோ, ரே, மி என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அவர்தான். அவர் பெயர் வைத்தது ஆறு சுரங்களுக்கு மட்டும். ஏழாவதுக்குப் பெயர் வந்ததெல்லாம் ரொம்பப் பிறகு.

சின்ன வயதிலேயே பெட்ரார்க்கின் குடும்பம் பிரான்ஸ் பக்கம் போய்விட்டது. அப்போது போப்பாண்டவர் இருந்தது ரோமில் இல்லை, அவினியோனில். அங்கே போனால் பிழைப்பு இருக்கும் என்பது அப்பாவின் கணக்கு. பையன் வக்கீலாக வேண்டும் என்பதும் அவர் கணக்குதான். மோன்ட்பெலியேயில் சட்டம், பிறகு பொலோன்யாவில் சட்டம். பையனோ ஒளித்துவைத்து இலக்கியம் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் அப்பா அந்தப் புத்தகங்களைக் கண்டுபிடித்து நெருப்பில் போட்டார். பையன் அழுத அழுகையில் மனசு கேட்காமல், வர்ஜிலையும் சிசரோவையும் மட்டும் வெளியே எடுத்துக் கொடுத்தாராம். பெட்ரார்க்கே பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதிய சம்பவம் இது. வீட்டில் சொல்லாமல் கோர்ஸ் மாறிய உங்களில் சிலருக்கு அந்தச் சூடு புரியும்.

1326-ல் அப்பா இறந்தார். சட்டப் படிப்பும் அன்றோடு முடிந்தது.

அடுத்த வருஷம் ஏப்ரல் 6, காலை நேரம். அவினியோனில் புனித கிளாரா தேவாலயம். அங்கேதான் லாராவைப் பார்த்தார். அவள் யார்? ஊக் தெ சாத் என்பவரின் மனைவி லாரா தெ நோவ் என்று பலர் சொல்கிறார்கள். உறுதியான ஆதாரம் கிடையாது. அப்படி ஒரு பெண்ணே இல்லை, எல்லாம் உன் கற்பனை என்று அவருடைய நண்பரே கிண்டல் செய்திருக்கிறார். தேதியிலும் ஒரு சிக்கல். அது புனித வெள்ளி என்று கவிதையில் சொல்கிறார் பெட்ரார்க். காலண்டரைப் புரட்டினால் 1327 ஏப்ரல் 6 திங்கள்கிழமை! காதல் வந்தால் கிழமை மறக்கும் என்று விட்டுவிடலாம். எனக்கென்னவோ, கவிதைக்காகத் தெரிந்தே மாற்றியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

இனி அந்த எட்டு வரிக்கு வருவோம். சானெட்டைக் கண்டுபிடித்தவர் பெட்ரார்க் இல்லை. 13-ம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் இருந்த ஜாக்கோமோ தா லென்டினி என்ற நோட்டரி எழுதியதுதான் ஆரம்பம். சானெட் என்றாலே இத்தாலிய மொழியில் சின்ன ஓசை, சின்னப் பாட்டு என்று அர்த்தம். லென்டினியின் எட்டு வரிகளில் இயைபு, அதாவது வரிக்கடைசி ஓசை, ஒன்று விட்டு ஒன்றாக வரும். பெட்ரார்க் பெரும்பாலும் கையாண்டது வேறு முறை. முதல் வரியும் நான்காவது வரியும் ஒரே ஓசையில் முடியும். நடுவில் இருக்கும் இரண்டு வரிகளும் இன்னொரு ஓசையில் முடியும். அடுத்த நான்கு வரிகளிலும் அதே இரண்டு ஓசைகள், அதே வரிசை. எட்டு வரிக்கும் சேர்த்து மொத்தம் இரண்டே ஓசைதான். கதவைச் சாத்திவிட்டு அறைக்குள்ளேயே நடப்பது போல, கிளம்பிய ஓசைக்கே வந்து நிற்கும். இசையின் ஆக்டேவும் 'ச'விலிருந்து கிளம்பி 'ச'வில்தானே நிற்கிறது?

ஆனால், இசையில் எட்டாவது சுரம் வந்தால் காதுக்கு நிம்மதி. பெட்ரார்க்கின் எட்டாவது வரியில் பெரும்பாலும் நிம்மதி இருக்காது. தவிப்பு, கேள்வி, குழப்பம் எல்லாம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். ஒன்பதாவது வரியில் மனசு வேறு பக்கம் திரும்பும். ஒரு சமாதானம், ஒரு பெருமூச்சு, சிலசமயம் இன்னும் பெரிய தவிப்பு. இந்தத் திருப்பத்துக்காகவே அந்த எட்டு வரிகள் காத்திருக்கின்றன.

இப்படி அவர் சேர்த்த தொகுப்பில் மொத்தம் 366 கவிதைகள், அதில் 317 சானெட்டுகள். முக்கால்வாசிக்கு மேல் லாராதான். சாகும்வரை திருத்திக்கொண்டே இருந்தார். அவர் கைப்பட எழுதிய வரைவுத் தாள்கள் வாடிகனில் இன்றும் இருக்கின்றன. ஓரத்தில் தேதி, மணி எல்லாம் குறித்திருக்கிறார். இந்த வரிகளைப் பாடிப் பார்த்து மாற்ற வேண்டும் என்றுகூட ஒரு குறிப்பு உண்டு. மனுஷன் லூட் வாசிப்பவர். கிட்டாருக்குச் சொந்தக்காரக் கருவி அது. காதால் எழுதினார் என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும்?

புகழ் சீக்கிரமே வந்தது. 1340-ல் கவிஞர்களுக்கான லாரல் இலைக் கிரீடம் தருகிறோம் என்று ரோமும் பாரிஸும் ஒரே நாளில் அழைத்தன. ரோமைத் தேர்ந்தெடுத்து, 1341 ஏப்ரல் 8 அன்று சூடிக்கொண்டார். லாரல், லாரா... அந்தச் சிலேடையை அவர் விடவே இல்லை.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பெட்ரார்க்குக்கு இரண்டு குழந்தைகள். 1337-ல் மகன் ஜோவானி, 1343-ல் மகள் பிரான்செஸ்கா. திருச்சபையில் பதவி வாங்கியிருந்ததால் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் குழந்தைகளின் அம்மா யார்? வரலாற்றில் பெயரே இல்லை. எட்டாத ஒருத்திக்கு முன்னூற்றுச் சொச்சம் கவிதை. பிள்ளை பெற்றுக் கொடுத்தவளுக்கு ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை. அவருடைய சானெட்டுகளை ரசித்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இடத்தில் நெருடும். மகனோடும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. ஜோவானி 1361-ல் கொள்ளைநோயில் போய்விட்டான்.

அதற்கு முன்பே, 1348-ல், அதே நோய் ஐரோப்பாவை வாரிக்கொண்டு போனபோது லாராவும் இறந்தாள். பெட்ரார்க் அப்போது வெரோனாவில். செய்தி வந்து சேர்ந்தது மே 19, பார்மாவில். அன்று நெருப்பிலிருந்து தப்பிய வர்ஜில் நினைவிருக்கா? வேறொரு வர்ஜில் பிரதியைத் தன் கூடவே வைத்திருந்தார். அதன் முன்தாளில் அவள் மரணத்தைக் குறித்து வைத்தார். அடிக்கடி கண்ணில் படும் இடம் என்பதால் அங்கே எழுதினாராம். மிலானின் அம்ப்ரோசியானா நூலகத்தில் அந்தப் பிரதி இருக்கிறது. அந்தக் குறிப்பின்படி அவள் இறந்தது ஏப்ரல் 6. அவளை முதன்முதலில் பார்த்த அதே தேதி, அதே நேரம், 21 வருஷம் கழித்து.

கடைசிக் காலத்தில் பாதுவா பக்கத்தில் ஆர்க்வா என்ற மலைக் கிராமத்தில் வீடு. மகள் குடும்பமும் கூடவே இருந்தது. 1370-ல் உயில் எழுதினார். நண்பர் பொக்காச்சியோவுக்கு 50 பொற்காசுகள், இரவில் கண் விழித்துப் படிக்கும்போது குளிராமல் இருக்க ஒரு அங்கி வாங்கிக்கொள்ள. ஃபெராராவில் இருந்த நண்பர் தொம்மாசோவுக்கு அந்த லூட். 1374 ஜூலையில், 70-வது பிறந்தநாளுக்குச் சற்று முன்பு, உயிர் பிரிந்தது.

அவர் இறந்த பிறகும் கதை ஓயவில்லை பாஸ். 1630-ல் கல்லறையை உடைத்துக் கை எலும்புகளைத் திருடினார்கள். 2003-ல் ஆராய்ச்சியாளர்கள் மறுபடி திறந்தார்கள். டி.என்.ஏ பரிசோதனையில், உள்ளே இருந்த மண்டை ஓடு அவருடையதே இல்லை என்று தெரிந்தது. அது ஒரு பெண்ணுடையது. யாருடையது என்று இன்றுவரை தெரியாது.