பாம்பு கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது



தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை இருட்டில் மிதித்து, பாம்பென்று துள்ளிக் குதித்திருக்கிறீர்களா? போன மாதம் நான் குதித்தேன். வாட்ச்மேன் சிரித்தார். பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு விஞ்ஞானம் தூரம்தான். ஆனாலும் அன்று சார்லஸ் டார்வின் நினைவுக்கு வந்தார்.

1809-ல் இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில், டாக்டர் வீட்டில் பிறந்தவர் டார்வின். இவரையும் டாக்டருக்குப் படிக்க அனுப்பினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். ஆபரேஷனைப் பார்க்கச் சகிக்காமல் படிப்பை விட்டுவிட்டார். 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் உலகைச் சுற்றினார். 1839-ல் மாமன் மகள் எம்மாவை மணந்தார். லண்டனுக்கு அருகே ஒரு கிராமத்தில் குடியேறி, அங்கிருந்த பரஸ்பர உதவிச் சங்கத்துக்கு 30 வருடம் பொருளாளராக இருந்து கணக்கு எழுதினார். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது!

உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1859-ல் வந்தது. 1872-ல் வந்த இன்னொரு நூல், மனிதர்களும் விலங்குகளும் உணர்ச்சியை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதைப் பற்றியது. அதில் ஒரு சம்பவம். லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஆப்பிரிக்க விரியன் ஒன்று இருந்த கெட்டிக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்து, அது பாய்ந்தாலும் அசைவதில்லை என்று உறுதியாக நின்றார். பாம்பு பாய்ந்தது. மறுகணமே இவர் ஓரிரு கஜம் பின்னால் குதித்துவிட்டார்.

கண்ணாடி இருப்பது புத்திக்குத் தெரியும், உடம்பு கேட்கவில்லை. பாம்பைக் கண்டதும் சட்டென்று விலகிய முன்னோர்கள் பிழைத்தார்கள். நாம் அவர்கள் வாரிசுகள். போன வருட நிலுவை இந்த வருடப் பேரேட்டில் முதல் வரியாக வருமே, அப்படித்தான். பயத்தில் பூனை ரோமத்தைச் சிலிர்த்துத் தன்னைப் பெரிதாகக் காட்டும். நமக்கு அடர்ந்த ரோமம் போய்விட்டது, சிலிர்ப்பு மட்டும் மிச்சம்.

பயம் மட்டுமல்ல, துக்கமும் முகத்தில் அப்படியே வருகிறது. 1851-ல் டார்வினின் செல்ல மகள் ஆனி பத்து வயதில் நோயுற்று இறந்தாள். அதே 1872 நூலில், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியைப் பற்றிச் சொல்கிறார். அமைதியான முகம். வாயோரம் மட்டும் லேசாகக் கீழே இழுபட்டது. இதற்கு அர்த்தம் ஒன்றும் இருக்காது என்று இவர் நினைப்பதற்குள், அந்த அம்மாவின் கண்கள் நிறைந்துவிட்டன. எப்போதோ இழந்த குழந்தையின் நினைவாக இருக்கலாம் என்று இவருக்குத் தோன்றியது. ஆனியைப் பறிகொடுத்தவருக்கு அப்படித் தோன்றியதில் வியப்பில்லை.

குழந்தை கதறும்போது வாயோரம் கீழே இறங்கும். வளர்ந்தபின் அழுகையை அடக்கப் பழகுகிறோம். அந்தச் சிறு தசை மட்டும் நமக்கு அடங்குவதில்லை என்பது அவருடைய விளக்கம்.

1882-ல் டார்வின் காலமானார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

லிஃப்டில் தினமும் சந்திக்கிறோம். சௌக்கியமா என்று கேட்டால், சௌக்கியம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அடுத்த முறை கேட்கும்போது, செல்போனிலிருந்து கண்ணை எடுத்து எதிரே இருப்பவர் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள்.