முத்துஸ்வாமி தீட்சிதரும் மேனாட்டு மெட்டுகளும்

திருமறைக்காடாகிய வேதாரணியத்து அம்மைக்கு யாழைப் பழித்த மொழியாள் என்பது திருநாமம். அவள் குரலினிமைக்கு நாணிக் கலைமகள் அங்கே வீணையின்றி வீற்றிருக்கிறாள் என்பது ஐதிகம். கருவி எத்துணைச் சிறந்ததாயினும் குரலின் குழைவை எட்டுதல் அரிது என்பதே இதன் கருத்துப் போலும். இதனை நன்குணர்ந்து வீணை பயின்ற பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

வேதாரணியத்தைப் போன்றே ஸப்தவிடங்கத் தலங்களுள் ஒன்றாகிய திருவாரூரில் 1775-ஆம் ஆண்டில் முத்துஸ்வாமி தீட்சிதர் பிறந்தார். தந்தையார் ராமஸ்வாமி தீட்சிதர், ஹம்ஸத்வனி ராகத்தை ஆக்கியவர். சென்னையை அடுத்த மணலியில் குடும்பம் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் அவர்கள் செவிக்கு எட்டியது. தம்பி பாலுஸ்வாமி பிடில் பயின்றார். முத்துஸ்வாமி தீட்சிதரோ சிதம்பரநாத யோகியாருடன் காசி சென்று, சில ஆண்டுகள் தங்கி மீண்டார்.

மேனாட்டு மெட்டுகளுக்கு அவர் வடமொழியில் ஸாஹித்யம் அமைத்தார். நோட்டுஸ்வரம் எனப்படும் இவை ஏறக்குறைய நாற்பது. ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டிலும் தேவி துதி ஒன்று உண்டு. சின்னஸ்வாமி முதலியார் 1893-இல் இவற்றுட் பலவற்றை மேனாட்டு ஸ்வரக் குறியீட்டில் வெளியிட்டார்.

இவற்றை நாம் பியானோவில் வாசித்துப் பார்த்தோம். சங்கராபரண ஸ்வரங்களாதலின் வெள்ளைக் கட்டைகளே போதுமானவை. கமகமின்மையால் விரல்கள் இடர்ப்படவில்லை. மகிழ்ந்து, அவருடைய தோடிராகக் கமலாம்பா கிருதியைத் தொடங்கினோம். காந்தாரத்தில் வந்தவுடன் தடைப்பட்டோம். அங்கே அசைய வேண்டிய ஸ்வரம் கட்டையில் அசையாது நின்றது; இரு கட்டைகளை மாறி மாறித் தட்டியும் பயனில்லை. வீணையிலோ தந்தியை இழுத்து அதனைக் குழைக்கலாம். பிழை பியானோவினுடையதன்று, ஒன்றன் இலக்கணத்தை மற்றொன்றினிடம் எதிர்பார்த்த நம்முடையதே.

நோட்டுஸ்வரங்களை வெறும் போலி என்று இகழ்வாரும் உளர். நாமும் ஒருகால் அவ்வாறே எண்ணினோம். வாசித்த பின்னர் அவ்வெண்ணம் நீங்கியது. அயல் மெட்டை அதன் இயல்பிலேயே ஏற்ற அப்பெரியார், தம் ராகங்களை அதற்காகச் சிறிதும் குறைத்தாரல்லர்.

1835-ஆம் ஆண்டு தீபாவளி நன்னாளில் எட்டயபுரத்தில் அவர் மறைந்தார். வேதாரணியத்துத் திருக்கதவம் அப்பர் பாடத் திறந்து, சம்பந்தர் பாட அடைத்தது என்பர். பிறர் கலைக்குக் கதவு திறத்தலும், தம் கலையின் வரம்பு காத்தலும் ஒருவரிடத்தே அமையக்கூடும் என்பதைத் தீட்சிதர் வாழ்வில் காண்கிறோம். கலை பயிலும் மாணவர் இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொள்வாராக.